ஊருக்குப் பேரேடு எழுதியவர்



ஒரு வியாபாரி மவுத்தாகிவிட்டால் அவருடைய வாரிசுகள் முதலில் தேடுவது எதை? பேரேட்டை. யாருக்குக் கொடுக்க வேண்டும், யாரிடமிருந்து வரவேண்டும், எந்தச் சரக்கு எந்தத் தேதியில் வந்தது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். பேரேடு இல்லாத கடைக்கு என்ன கதி நேரும் என்பது நம் யாவருக்கும் தெரியும். நாலு பேர் வந்து நாலு கணக்குச் சொல்வார்கள். கடைசியில் யார் உரத்துப் பேசினாரோ அவர் சொன்னதே கணக்காகிவிடும்.

ஓர் ஊருக்கும் இதே கதிதான். ஊருக்குக் கணக்கு எழுதி வைக்க ஒருவர் இல்லாவிட்டால், உரத்துப் பேசுகிறவர் சொல்வதே அந்த ஊரின் சரித்திரமாகிவிடும். நமது இராமநாதபுரம் சீமைக்கு அப்படி ஒரு கணக்கரை அல்லாஹ் கொடுத்திருந்தான். அவர் மர்ஹூம் டாக்டர் எஸ். எம். கமால் அவர்கள். 1928-ல் பிறந்து 2007-ல் இவ்வுலகை விட்டுப் பிரிந்தார். அன்னாரை நினைவு கூர்வதும், அன்னார் வேலை செய்த விதத்திலிருந்து ஜொகூரில் கடை வைத்திருக்கும் நாம் என்ன கற்றுக்கொள்ளலாம் என்று பார்ப்பதும் இந்தப் பாடத்தின் நோக்கம்.

நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்ல. ஓதும் பள்ளியும் ஆரம்பப் பள்ளியும்தான் என் படிப்பு. பிறகு கடையே பள்ளிக்கூடம். கமால் அவர்களை நேரில் கண்டதும் கிடையாது. ஊருக்குப் போயிருந்தபோது மச்சான் வீட்டு அலமாரியில் அவருடைய புத்தகம் ஒன்று கிடைத்தது. திரும்பி வரும்போது அதைப் பெட்டியில் வைத்துக் கொண்டு வந்தேன். கடையில் கூட்டமில்லாத நேரங்களில் கல்லாவில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகப் படித்து முடித்தேன். சரித்திரம் என்பது நம்மைப் போன்றவர்களுக்கும் உரிய விஷயம் என்ற எண்ணம் அன்றுதான் எனக்கு வந்தது.

அவர் யார்?

கமால் அவர்கள் கல்லூரிப் பேராசிரியராக இருந்து சரித்திரம் எழுதியவர் அல்லர். வருவாய்த் துறையில் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். நிலம், வரி, பத்திரம், பதிவேடு இவற்றின் நடுவே இருந்தவர். பழைய காகிதத்தில் இருக்கும் ஒரு வரிக்கு என்ன மதிப்பு என்பது அப்படிப்பட்டவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை அல்லவா?

தம் ஜில்லாவைப் பற்றியே அவர் திரும்பத் திரும்ப எழுதினார். "விடுதலைப் போரில் சேதுபதி மன்னர்", "மாவீரர் மருதுபாண்டியர்", "முஸ்லிம்களும் தமிழகமும்", "சேதுபதி மன்னர் செப்பேடுகள்", "சீர்மிகு சிவகங்கைச் சீமை", "சேதுபதி மன்னர் வரலாறு" ஆகியவை அவருடைய நூல்களில் சில. இவற்றில் பல, இராமநாதபுரத்திலேயே சர்மிளா பதிப்பகம் என்ற பெயரில் வெளிவந்தன. பட்டணத்துப் பெரிய பதிப்பகம் ஒன்று வந்து கேட்கட்டும் என்று காத்திராமல், சொந்த ஊரிலிருந்தே சொந்த ஊரின் சரித்திரம் வெளிவந்தது. அவருடைய நூல்களைத் தமிழ்நாடு அரசு பின்னர் நாட்டுடைமை ஆக்கியது. ஆகவே இன்று அவற்றை விக்கிமூலம் என்ற இணைய நூலகத்தில், கையிலிருக்கும் கைப்பேசியிலேயே யாரும் இனாமாகப் படிக்கலாம்.

அவர் எழுதிய கணக்கில் மூன்று பற்றுகள்

ஊர்ச் சரித்திரத்தால் நமக்கு என்ன ஆதாயம் என்று சில சகோதரர்கள் கேட்கலாம். அவர் எடுத்துக்கொண்ட விஷயங்களிலிருந்து மூன்றை மட்டும் இங்கே காட்டுகிறேன்.

முதலாவது, முத்துராமலிங்க சேதுபதி மன்னரின் வரலாறு. கைக்குழந்தையாக இருந்தபோதே பட்டத்துக்கு வந்தவர் இவர். 1772-ல் ஆர்க்காட்டு நவாபின் படை, கும்பெனியாரின் படையோடு சேர்ந்து இராமநாதபுரம் கோட்டையைப் பிடித்தது. இளம் மன்னரும் குடும்பத்தாரும் திருச்சிக் கோட்டையில் அடைக்கப்பட்டனர். சில ஆண்டுகள் கழித்து மீண்டும் ஆட்சிக்கு வந்தவர், கும்பெனியாரின் துணி வியாபாரத்துக்கும் சுங்க விவகாரத்துக்கும் வளைந்து கொடுக்கவில்லை. 1795-ல் கும்பெனியார் அவரைப் பதவியிலிருந்து இறக்கிச் சிறை வைத்தனர். 1809-ல் சென்னைக் கோட்டையில் கைதியாகவே அவர் உயிர் பிரிந்தது. 

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நவாபு நம் மார்க்கத்தவர். சேதுபதி நம் மார்க்கத்தவர் அல்லர். எழுதியவரோ முஸ்லிம். நவாபின் படை செய்ததை மறைக்கவும் இல்லை, மன்னருக்குரிய பெருமையைக் குறைக்கவும் இல்லை. பங்காளி என்பதற்காகப் பற்றை வரவாக எழுதுகிறவன் கணக்கன் ஆகமாட்டான்.

இரண்டாவது, மருது சகோதரர்களின் வரலாறு. 1801 அக்டோபர் 24-ல் அவர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். இந்தச் சரித்திரத்தின் கடைசிப் பக்கம் நடந்தது எங்கே தெரியுமா? நம் மலேசிய மண்ணில். சின்ன மருதுவின் மகன் துரைசாமி அப்பொழுது சுமார் பதினைந்து வயதுப் பையன். அவனையும் சேர்த்து எழுபதுக்கு மேற்பட்டவர்களை 1802-ல் தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தினார்கள். முன்பு மருது சகோதரர்களோடு நட்பாக இருந்த வெல்ஷ் என்ற ஆங்கிலப் படை அதிகாரி, 1818-ல் பினாங்கில் துரைசாமியைக் கண்டதைத் தம் நினைவுக் குறிப்பில் எழுதி, அது 1830-ல் அச்சாகியிருக்கிறது. பதினாறு வருஷம் கழித்துக் கண்ட முகத்தைப் பற்றி ஒருவர் நாலு வரி எழுதி வைத்தார். அந்த நாலு வரியால்தான் அந்தப் பையனுக்கு என்ன ஆயிற்று என்பது நமக்குத் தெரிகிறது.

அதே காலத்தில், 1801-ல், பினாங்கில் நம் வியாபாரிகள் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்கு அடித்தளம் இட்டார்கள். ஒரே கடலில், ஒரே காலத்தில், நம் சீமைக்காரர் சிலர் விலங்கோடு வந்தனர். நம் கரைக்காரர் வேறு சிலர் சரக்கோடு வந்தனர். இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் நாம் இந்நாட்டுக்கு வந்த கதை முழுமையாகும்.

மூன்றாவது, நம்முடைய பெயர்களைப் பற்றிய விஷயம். மரைக்காயர், இராவுத்தர், லெப்பை, சோனகர் என்று நம்மவரை அழைக்கிறார்களே, இந்தப் பெயர்கள் எப்படி வந்தன? "முஸ்லிம்களும் தமிழகமும்" என்ற நூல் இவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்கிறது. மரைக்காயர் என்பதை மரக்கலத்தோடும், இராவுத்தர் என்பதைக் குதிரையோடும் சம்பந்தப்படுத்திச் சொல்வது வழக்கம். அரபு நாட்டுக் குதிரைகள் கப்பலில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்து இறங்கிய காலத்தை இந்தப் பெயர்கள் இன்னும் சுமந்துகொண்டிருக்கின்றன.

அஞ்சுவண்ணம் என்ற பழைய வணிகக் கூட்டத்தாரின் பெயரும் உண்டு. கி.பி. 849-ம் ஆண்டைச் சேர்ந்த கொல்லம் செப்பேட்டில் அது வருகிறது. நம் ஜில்லாவிலேயே தொண்டிக்கு அருகிலுள்ள தீர்த்தாண்டதானத்தின் 13-ம் நூற்றாண்டுக் கல்வெட்டிலும், மணிக்கிராமத்தார் முதலிய மற்ற வணிகக் கூட்டத்தாரோடு சேர்ந்து அஞ்சுவண்ணத்தார் பெயர் வருகிறது. வியாபாரிகள் கூடி ஒரு பொதுக் காரியத்துக்குத் தீர்மானம் செய்வது நேற்று ஏற்பட்ட பழக்கம் அல்ல என்பதை நம் சங்கத்து இளைஞர்கள் இதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டும்.

அவர் கணக்கு எழுதிய முறை

சரக்கு வந்தது என்று வாயால் சொன்னால் போதுமா? பட்டியல் எங்கே, ரசீது எங்கே என்று கேட்போம். கமால் அவர்கள் சரித்திரத்தையும் அப்படியே கேட்டார். சேதுபதி மன்னர்கள் கோயில்களுக்கும் மடங்களுக்கும் சத்திரங்களுக்கும் பள்ளிவாசல், தர்காக்களுக்கும் நிலம் கொடுத்தார்கள் என்று ஊரில் எல்லாரும் சொல்வார்கள். அவர் அந்தச் சொல்லோடு நிற்கவில்லை. கொடுத்ததற்குச் சாட்சியான செப்பேடுகளைத் தேடித் திரட்டி, அவற்றின் வாசகத்தையும் விளக்கத்தையும் ஒரே புத்தகமாக்கினார். கும்பெனி காலத்து விஷயங்களுக்குக் கும்பெனியாரே எழுதிவைத்த கடிதங்களையும் ஆலோசனைப் பதிவுகளையும் சென்னை ஆவணக் காப்பகத்தில் பார்த்தார். எதிரி எழுதிய காகிதத்திலிருந்தே நம்மவருக்குச் சாட்சி எடுத்தார் என்று சொல்லலாம்.

இது நமக்குப் புதிய முறையும் அல்ல. ஓதும் பள்ளியில் உஸ்தாது ஒரு ஹதீஸைச் சொல்லும்போது, இன்னாரிடமிருந்து இன்னார் அறிவிக்கிறார் என்று வரிசையைச் சொல்லித்தான் ஆரம்பிப்பார். சொன்னவர் யார், அவர் நேரில் கேட்டாரா, நம்பத் தகுந்தவரா என்று பார்ப்பது நம் ஆலிம்கள் காட்டிய வழி. கொடுக்கல் வாங்கலைச் சாட்சி வைத்து எழுதிக்கொள்ளும்படி குர்ஆனே நமக்குக் கட்டளையிடுகிறது. பள்ளியில் ஓதியதும் கடையில் பழகியதும் ஆகிய இந்த இரண்டு பாடங்களும் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன. இவற்றை நம் சொந்தச் சரித்திரத்துக்கு உபயோகிக்காமல் இருப்பதுதான் நம் குறை.

என் தெருவில் போன பேரேடு

இனி என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

ஜொகூர் பாருவில் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். எல்லாரும் அவரை மாமா என்றுதான் அழைப்போம். ரஜூலா கப்பலில் சிறுவனாக வந்தவர். அஸர் தொழுதுவிட்டு வந்தால் என் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்காருவார். தேத்தண்ணீர் வரும், கூடவே கதையும் வரும். எந்தக் கடை முன்பு யாருடையது, எந்த வீட்டு மாடியில் எத்தனை பேர் பாய் விரித்துப் படுத்தார்கள், ஊருக்குப் பணம் அனுப்ப முடியாத மாதங்களில் யார் யாருக்குக் கைமாற்றுக் கொடுத்தார், மையத்து விழுந்தால் கபன் துணி எந்தக் கடையிலிருந்து இனாமாக வரும், இப்படி எல்லாம் சொல்வார். 1942 ஜனவரி 31-ல் சிங்கப்பூர்ப் பாலத்தை வெள்ளைக்காரப் படை தகர்த்துவிட்டுப் போனபோது இந்தத் தெருவில் இருந்தவர்கள் சொன்னதையும், தாம் கேட்டபடி சொல்வார். 1924-ல் திறந்த பாலம் பதினெட்டு வருஷத்தில் உடைந்தது என்று விரல்விட்டு எண்ணுவார்.

"தம்பி, இதையெல்லாம் எழுதி வையேன்" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். "ஆகட்டும் மாமா, நோன்பு கழியட்டும்" என்றேன். நோன்பு கழிந்தது. ஹஜ்ஜுப் பெருநாள் வியாபாரம் வந்தது. பிறகு ஆண்டு முடிவுக் கணக்கு. என் சட்டைப் பையில் கைப்பேசி இருந்தது. ஒரு பொத்தானை அழுத்தியிருந்தால் அவர் குரலே பதிவாகியிருக்கும். அதைக்கூட நான் செய்யவில்லை.

அவர் மவுத்தான பிறகு அவருடைய மகன் இரண்டு பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தார். "அண்ணே, அத்தாவின் பழைய கணக்கு நோட்டு, மணியார்டர்ச் சீட்டு, கடுதாசி எல்லாம் இருக்கின்றன. வீட்டை மாற்றுகிறோம். உங்களிடம் கொஞ்ச நாள் வைத்திருக்க முடியுமா?" என்று கேட்டார். அந்த வாரம்தான் வெங்காயமும் மிளகாய் வற்றலும் வந்து கடை நிறைந்திருந்தது. "இடமில்லையே தம்பி" என்று சொல்லிவிட்டேன். பத்து நாள் கழித்து மனது கேட்காமல் விசாரித்தேன். பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. கேட்க வந்தவரைத் திருப்பி அனுப்பியவன் நான்தான்.

அந்த வெங்காய மூட்டைகள் ஒரு மாதத்தில் விற்றுப் போயின. என்ன லாபம் கிடைத்தது என்பது இன்று எனக்கு ஞாபகம்கூட இல்லை. மாமாவின் பெட்டியில் இருந்தது மட்டும் இனி எந்தச் சந்தையிலும் கிடைக்காது. தம் சீமையின் செப்பேடுகளைத் தேடி அலைந்து ஒன்று சேர்த்தார் ஒருவர். கடை வாசல்வரை தானாக வந்த ஏட்டை வேண்டாம் என்றான் இன்னொருவன். கமால் அவர்களின் புத்தகத்தைப் படிக்கும்போதெல்லாம் இந்த வித்தியாசம் என்னைச் சுடுகிறது.

நாம் செய்யக்கூடியவை

நாம் எல்லாரும் கமால் ஆக முடியாது. ஆனால் அவர் போன்ற ஒருவர் நாளை வந்து, ஜொகூரில் தமிழ் முஸ்லிம்கள் வாழ்ந்ததற்குச் சாட்சி எங்கே என்று கேட்டால், எடுத்துக் கொடுக்க நம்மிடம் ஏதாவது இருக்க வேண்டும். இந்த நகரத்தின் பெரிய சரித்திரம் புத்தகங்களில் இருக்கிறது. தெமெங்கோங் டாயெங் இப்ராஹிம் 1855-ல் தஞ்சோங் புத்திரியில் குடியிருப்பை அமைத்ததும், 1866-ல் அபூபக்கர் அதற்கு ஜொகூர் பாரு என்று பெயரிட்டதும் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். நம் தெருவின் சரித்திரத்தை மட்டும் நம்மைத் தவிர வேறு யாரும் எழுதப் போவதில்லை.

ஆகவே ஒவ்வொரு கடையிலும் ஒரு நோட்டுப் புத்தகம் வைப்போம். கடன் எழுத நாம் உபயோகித்த 555 என்று அட்டை போட்ட சின்னப் புத்தகம் ஞாபகம் இருக்கிறதா? அந்த அளவு இருந்தாலே ஆரம்பத்துக்குப் போதும். அதில் இந்த ஐந்தையும் எழுத வேண்டும்.

1. தேதி. வருஷம் தெரியாவிட்டால், எந்தச் சம்பவத்துக்கு முன், எந்தச் சம்பவத்துக்குப் பின் என்றாவது எழுத வேண்டும். ஜப்பான்காரன் காலத்துக்கு முன்பா, சிங்கப்பூர் 1965-ல் பிரிந்த பிறகா என்று கேட்டால் பெரியவர்களுக்குச் சட்டென்று நினைவு வரும்.

2. செய்தி. நடந்ததை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும். நாம் அழகுபடுத்தக் கூடாது.

3. சொன்னவர் யார், எந்த ஊர்க்காரர், என்ன வேலை பார்த்தவர்.

4. அவர் கண்டதா, கேட்டதா? கேட்டது என்றால் யாரிடம்?

5. சாட்சி. கப்பல் சீட்டு, பழைய பாஸ்போர்ட்டு, கடை லைசென்சு, மணியார்டர் ரசீது, நிக்காஹ் அழைப்பு, சங்கத்து வரவு செலவு அறிக்கை ஆகியவற்றில் ஏதாவது உண்டா?

காகிதம் இருந்தால் கைப்பேசியில் படம் எடுத்து, குடும்பத்தில் இரண்டு பேரிடமாவது கொடுத்து வையுங்கள். மூலத்தைக் கறையானும் ஈரமும் அணுகாத இடத்தில் வையுங்கள். பழைய புகைப்படத்தின் பின்புறம் பென்சிலால் பெயர்களை எழுதுங்கள். பெயர் தெரிந்தவர் போய்விட்டால் அது வெறும் முகங்களாகிவிடும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. நம்மவருக்குப் பெருமையானதை மட்டும் எழுதிக் கஷ்டமானதை விடக் கூடாது. நஷ்டப்பட்ட கடையும், ஊரில் குடும்பத்தை விட்டுவிட்டுப் பத்து வருஷம் போகாமல் இருந்தவரின் வேதனையும், அங்கே கணவன் முகம் காணாமல் பிள்ளை வளர்த்த தாய்மாரின் பொறுமையும் நம் சரித்திரமே. அதே சமயம், உயிரோடு இருப்பவரின் கடனையும் குறையையும் ஊரறியப் போடுவது சரித்திரம் அல்ல, புறம் பேசுவதாகும். அதை விட்டுவிட வேண்டும்.

முடிவுரை

மனிதன் மவுத்தான பிறகும் அவனுக்கு நன்மை சேர்த்துக்கொண்டிருப்பவற்றில் பிறருக்குப் பயன்படும் கல்வியும் ஒன்று என்று நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. நம் சீமையில் "செத்தும் கொடுத்தான் சீதக்காதி" என்பார்கள். கீழக்கரை வள்ளல் கொடுத்தது பொன். இராமநாதபுரத்துக் கமால் அவர்கள் கொடுத்தது ஊரின் கணக்கு. இரண்டு கொடையும் கொடுத்தவர் கபுருக்குப் போன பிறகும் நிற்காமல் நடந்துகொண்டிருக்கின்றன. அன்னாரின் கபுரை அல்லாஹ் விசாலமாக்கி ஒளியாக்குவானாக. பெயர் எழுதப்படாமல் போன எங்கள் தெரு மாமாவுக்கும் அவ்வாறே அருள்வானாக.

மாமா சொன்னவற்றில் என் ஞாபகத்தில் எஞ்சியிருப்பதை இப்பொழுது ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். பதினோரு பக்கம் ஆகியிருக்கிறது. ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தில் "மாமா சொல்ல நான் கேட்டது, தேதி சரியாக நினைவில்லை" என்றே எழுத வேண்டியிருக்கிறது. உங்களுக்கு அந்த நிலை வர வேண்டாம். உங்கள் கடை வாசலில் உட்காரும் பெரியவர் இன்னும் வந்துகொண்டிருக்கிறார் அல்லவா? இன்று அஸருக்குப் பிறகு அவருக்கு ஒரு தேத்தண்ணீர் சொல்லிவிட்டு, நோட்டை எடுத்து வையுங்கள்.

கூடிப் பேசுவதற்கு

1. உங்கள் குடும்பத்தில் முதன்முதலில் மலேசியாவுக்கு வந்தவர் யார்? எந்த ஊரிலிருந்து, எந்த வருஷம்? அதற்குச் சாட்சி என்ன?

2. உங்கள் கடைக்கு முன்பு அதே இடத்தில் என்ன கடை இருந்தது? யாரிடம் கேட்டால் தெரியும்?

3. உங்கள் பிள்ளைகளால் பாட்டனாரின் ஊர்ப் பெயரைச் சொல்ல முடியுமா? தமிழில் எழுத முடியுமா?

4. நம் சங்கத்தின் பழைய கூட்டக் குறிப்புகளும் கணக்குகளும் இப்பொழுது யாரிடம் இருக்கின்றன?